லூக் வாள்ல பட்டை மாறினது யார் தப்பு?

கேள்வி, 2024 ஜூன் 9 (கோத்தகிரி வாசகர் ஒருத்தர்)
ஸ்டார் வார்ஸ் முதல் படத்துல (1977) லூக் வச்சிருக்கிற ஒளிவாளோட பிடியில, கண்ணாடிக் குமிழ் மாதிரி ஒரு வரிசை இருக்கு. அடுத்த படத்துல (1980) அதே வாள், அதே இடத்துல செம்புக் கோடு போட்ட ஒரு பட்டை. அப்பாவோட வாள்னு கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதானே? நடுவுல யார் கழட்டி மாட்டினாங்க? இவ்வளவு காசு போட்டு எடுக்கிறவங்க இதைப் பார்க்க மாட்டாங்களா?

2024 ஜூன் 9, ராத்திரி
பார்க்கலை. அலட்சியம். எங்க ஊர்த் திருவிழா நாடகத்துல ராஜா வாள் முதல் காட்சியிலயும் கடைசிக் காட்சியிலயும் ஒண்ணேதான், வெள்ளித்தாள் கிழிஞ்ச இடம் உட்பட. நம்மாளுங்களுக்கு இருக்கிற அக்கறை அவங்களுக்கு இல்லை.

2024 ஜூன் 10
நேத்து எழுதினதுல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். நாடகத்துல வாள் மாறாததுக்குக் காரணம் அக்கறை இல்லை, அங்கே வேற வாளே கிடையாது.

லூக் கையில இருக்கிறது முதல்ல வாளாகவே பிறக்கலை. 1940கள்ல பத்திரிகைப் போட்டோகிராபர்கள் பெரிய கேமரா பக்கத்துல மாட்டிக்கிட்ட கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷோட கைப்பிடி அது. உள்ளே மூணு பெரிய டார்ச் பேட்டரி போகும். அந்தச் சிவப்புப் பட்டன் ஃபிளாஷை எரிய விடுற பட்டன். செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டன்ல ஒரு கேமராக் கடையில பழைய சாமான் பெட்டியைக் கிளறும்போது கிடைச்சது. கருப்பு ஓரப்பட்டையை நீளவாக்குல வெட்டிச் சுத்தி ஒட்டினார், பிடி ஆயிடுச்சு. கிளாம்ப்ல ஒரு காலி இடம் தெரிஞ்சது, ஒரு கால்குலேட்டர்ல இருந்த குமிழ்ப் பட்டையைச் செருகினார். அதைத்தான் நீங்க பார்த்திருக்கீங்க.

மொத்தப் படத்துக்கும் செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். கேக்கப் பெரிசாத்தான் இருக்கும், ஆனா விண்கப்பல், பாலைவனம், ஆயிரம் முகமூடி எல்லாத்துக்கும் அதுலதான் வரணும். ஆயுதத்துக்கு மிஞ்சினது சொற்பம். அதனால புதுசா வார்க்காம, கிடைச்சதை எடுத்து மேல ஏதாவது ஒட்டினாங்க. அந்தக் கலை இயக்கக் குழுவுக்கே 1978-ல ஆஸ்கர் வந்துச்சு, கிறிஸ்டியனுக்கும் சேர்த்து. அடுத்த படத்துக்கு இன்னொரு கிராஃப்லெக்ஸ் எடுத்தாங்க, அன்னிக்குக் கைக்குக் கிடைச்ச வேற துண்டைச் செருகினாங்க. அவ்வளவுதான் நடந்தது.

எங்க வீட்லயும் ஒரு கிராஃப்லெக்ஸ் இருக்கு. அப்பா ஊட்டி இந்து பிலிம் ஃபேக்டரியில (ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) இருந்தவர், அங்கே சேர்ந்த புதுசுல யார்கிட்டயோ வாங்கினது. அதைப் பத்தி அப்புறம்.

2024 ஜூன் 11
குமிழ்ப் பட்டை எதுக்குன்னு கேட்டவருக்கு: 1970கள் கால்குலேட்டர்ல சிவப்பு எண்கள் அரிசி சைஸ்லதான் இருக்கும். மேல ஒரு பிளாஸ்டிக் பட்டை, எண்ணுக்கு ஒரு குமிழ், பெரிசாக் காட்ட. குன்னூர்ல நான் சர்வீஸ் கடை போட்ட புதுசுல அப்படி ரெண்டு வந்திருக்கு. பட்டையைத் தூக்கி எறிஞ்சேன். இப்போ வயிறு எரியுது.

2024 ஜூன் 16
வாளை விடுங்க, துப்பாக்கிக்கு வருவோம். எனக்கு இதுல சொந்தக் கதை இருக்கு.

சின்ன வயசுல வெலிங்டன் வழியா பஸ்ல போகும்போது ஒரு கேட்ல காவலுக்கு நிக்கிற சிப்பாய் கையில குட்டையா, கருப்பா ஒரு துப்பாக்கி இருக்கும். குழல் முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கும். தோட்டாப் பெட்டி கீழே தொங்காம இடது பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கும். எல்லாரும் கார்பைன்னு சொல்லுவாங்க. பிறகு பல வருஷம் கழிச்சு வீடியோ கேசட்ல ஸ்டார் வார்ஸ் பார்க்கிறேன். வெள்ளைக் கவசம் போட்ட ஸ்டார்ம்ட்ரூப்பர் ஓடி வர்றான், கையில எங்க வெலிங்டன் துப்பாக்கி! பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன், சிரிச்சான். நானும் விட்டுட்டேன்.

உண்மையிலயே அதேதான். படத்துல வர்றது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங். அதையே உரிமம் வாங்கி கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில செஞ்சாங்க, பேர் கார்பைன் 1ஏ. நம்ம ராணுவமும் போலீசும் பல வருஷம் வச்சிருந்தது. படத்துக்காக மேல ஒரு பழைய டாங்கியோட குறிபார்க்கிற கண்ணாடி, பக்கத்துல ஹெங்ஸ்ட்லர் கம்பெனி எண்ணிக்கைக் கருவி, குழல் ஓட்டைகள்ல லூக் வாள்ல ஒட்டினதே மாதிரி கருப்புப் பட்டை. அவ்வளவுதான் வேலை.

தொடர்ச்சி பார்க்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி. எண்ணிக்கைக் கருவி எல்லாத்துலயும் இல்லை. ஒரே வரிசையில நிக்கிற ரெண்டு பேர் துப்பாக்கியைப் பார்த்தா ஒண்ணுல இருக்கும், ஒண்ணுல இருக்காது. எங்க கடைக்கு ரிப்பேருக்கு வர்ற ஒரே மாடல் ரேடியோ ரெண்டு கூட உள்ளே ஒண்ணா இருக்கிறதில்லை, அதனால எனக்கு இதுல பெரிய புகார் இல்லை.

2024 ஜூன் 17
அதே படத்துல விண்கப்பல் ஓட்டுற ஹான் சோலோவோட துப்பாக்கி? மவுசர் சி96. 1896-ல வந்த ஜெர்மன் கைத்துப்பாக்கி. மேல ஒரு ஸ்கோப், முனையில ஜெர்மன் விமான இயந்திரத் துப்பாக்கியோட நெருப்பு மறைப்பான். ஒபி-வான் வாள் இன்னும் மோசம்: ஜெட் இஞ்சின் குழாய், ரைஃபிள் முனையில வச்சுச் சுடுற பழைய பிரிட்டிஷ் குண்டு, குளியலறைக் குழாயோட திருகுப்பிடி. வயசான ஞானி கையில குழாய்த் திருகு. எனக்கு அதுதான் பிடிச்சது.

2024 ஜூன் 18
அருவங்காட்டுல இருந்து ஒருத்தர் விடாம கேக்கிறார்: சுடும்போது புகை வருதே, லேசர்னா புகை ஏன்? ஐயா, கார்டைட் ஃபேக்டரி பக்கத்துல குடியிருந்துக்கிட்டு இதைக் கேக்கலாமா? நிஜ ஸ்டெர்லிங்ல வெத்துத் தோட்டா போட்டுத்தான் சுட்டாங்க. சில ஷாட்ல காலித் தோட்டா வலது பக்கம் தெறிக்கிறதே தெரியும். சிவப்புக் கோடு பிறகு வரைஞ்சது. நடிகனுக்குக் கையில உதை வரணும், அப்போதான் தோள் நிஜமா அசையும். ஒளியாலயே சுடுற உலகத்துல பித்தளைத் தோட்டா தெறிக்கிறது தப்புதான், ஆனா அந்தத் தோள் அசைவுக்காக நான் மன்னிச்சுட்டேன்.

2024 ஜூன் 30
திருத்தம். வெட்கத்தோட.

ஊட்டி வீட்டுக்குப் போய்ப் பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஜூன் மாச ஈரம், பூஞ்சை வாசம். அடியில துணி சுத்தி இருந்துச்சு. கிராஃப்லெக்ஸ் இல்லவே இல்லை. விசிறி மாதிரி விரியிற தட்டு வச்ச சின்ன பல்பு ஃபிளாஷ், முழு நீளம் ஒரு சாண் கூட வராது. சின்னப் பிள்ளையில பார்த்தப்போ முழங்கை நீளம் இருந்துச்சே! நானே வளர்ந்துட்டேன்கிறதை மறந்துட்டேன். உள்ளே பேட்டரி கசிஞ்சு ஸ்பிரிங் பச்சையாப் பூத்திருந்தது.

அப்பா கட்டில்ல இருந்தே கேட்டார், "அறுக்கப் போறியா?"
"இல்லைப்பா, பார்க்கத்தான்."
"பேட்டரியைக் கழட்டாம வச்சது நீதான்."

நாப்பது வருஷக் கணக்கு, இப்போ தீர்த்தார்.

அவர் கேட்ட கேள்வியும் சும்மா இல்லை. படம் ஓடின பிறகு ரசிகர்கள் பழைய கிராஃப்லெக்ஸைத் தேடித் தேடி வாங்கி, தட்டைக் கழட்டிப் போட்டுட்டு வாளாக்கினாங்க. பழைய கேமரா வச்சிருக்கிறவங்களுக்கு இன்னிக்கு ஃபிளாஷ் வாங்கணும்னா வாள்காரனோட போட்டி போடணும். பிலிம் ஃபேக்டரியில வேலை பார்த்த மனுஷன்கிட்ட இதைச் சொன்னேன். "வேலை செய்யற சாமானைக் கெடுத்து வேலை செய்யாத சாமான் பண்றாங்களா?"ன்னார். நான் அதுவரைக்கும் வாள்காரங்க கட்சி. இப்போ அவ்வளவு உறுதியா இல்லை.

2024 ஜூலை 14
நாங்க எடுத்த படத்தைப் பத்திக் கேட்டதால எழுதறேன். பெரிசா எதிர்பார்க்காதீங்க. 14 நிமிஷம், நாலு பேர், ஒரு கேமரா. கதை: 2090-ல மலை மேல மிச்சம் இருக்கிற கடைசித் தண்ணித் தொட்டிக்குக் காவல் நிக்கிறவன். அவனுக்கு ஒரு துப்பாக்கி வேணும். என் தலையில விழுந்துச்சு.

ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாய். முனையில பழைய கேஸ் ஸ்டவ் பர்னர், அந்த ஓட்டைகளுக்காகவே. பிடிக்கு உடைஞ்ச கவ்வாத்துக் கத்தியோட மரப்பிடி, ஒரு தேயிலைத் தோட்டத்துல கேட்டு வாங்கினது. பல வருஷம் கை பட்டு வழுவழுன்னு, விரல் வச்ச இடம் பள்ளமா இருந்தது. அந்தப் பள்ளத்தை எந்தப் பட்டறையிலயும் செய்ய முடியாது. பக்கத்துல செட்டாப் பாக்ஸ்ல இருந்து எடுத்த அலுமினியத் தகடு, கீசர் திருகு, இடைவெளிக்கெல்லாம் எம்-சீல்.

பிறகு பெயின்ட். இங்கேதான் மாட்டிக்கிட்டேன். 2022 செப்டம்பர், குன்னூர்ல மூடுபனி வீட்டுக்குள்ளேயே வருது. கருப்பு ஸ்ப்ரே அடிச்சேன், கால் மணி நேரத்துல சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப் போச்சு. ஸ்ப்ரேல இருக்கிற கரைப்பான் வேகமா ஆவியாகும்போது பரப்பு சில்லுன்னு ஆகும், காத்துல இருக்கிற ஈரம் அது மேல படிஞ்சு பெயின்டுக்குள்ள மாட்டிக்கும். சமவெளியில இந்தத் தொல்லை குறைவு. மறுநாள் ஷூட்டிங், வேற வழியில்லை, வெளுத்ததோடயே செப்டம்பர் 25 ஞாயிறு எடுத்தோம். பார்க்க நல்லாவே இருந்துச்சு, பழசாட்டம். வீட்டுக்கு வந்ததும் என் கை சும்மா இருக்கலை. ஹேர் டிரையர் வச்சுக் குழாயைச் சூடாக்கி மறுபடி அடிச்சேன். பளபளன்னு புதுக் கருப்பு. படத்துல அவன் பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது துப்பாக்கி சாம்பல், அந்தப் பக்கம் குதிச்சதும் ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி.

அது கூடப் பரவாயில்லை. நடுவுல அக்டோபர் 4, ஆயுத பூஜை. கடையில இருந்த சால்டரிங் அயர்ன், மீட்டர், ஸ்பேனர் எல்லாம் வரிசையா வச்சாச்சு. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அம்மா ஷெல்ஃப்ல இருந்த துப்பாக்கியையும் எடுத்து நடுவுல வச்சு, சந்தனம் தடவிக் குங்குமம் வச்சிருக்காங்க.

"ஏம்மா இதுக்குமா?"
"ஆயுதம்னு நீதானே சொன்னே? மத்ததுக்கெல்லாம் வச்சிட்டு இதை விட்டா கோவிச்சுக்காதா?"

பதில் இல்லை. துடைச்சேன். எம்-சீல் மேல பெயின்ட் சரியா ஏறாத இடத்துல சந்தனம் ஊறிப் போயிருந்தது. துடைக்கத் துடைக்க ஆரஞ்சா ஒரு வட்டம். அக்டோபர் 9 ஷூட்டிங், கடைசி நாலு நிமிஷம் முழுக்க பர்னருக்குப் பின்னாடி அந்த வட்டம் இருக்கு.

படத்தைப் பார்த்ததும் அக்கா பையன், ஏழாவது படிக்கிறவன், கேட்டது: "மாமா, அது ரொம்ப சூடானா எரியற லைட்டா?"

ஆமான்னு சொல்லிட்டேன்.

2024 ஜூலை 15
அந்தத் துப்பாக்கியோட பஸ்ல வந்த கதை: ஒரு செக்போஸ்ட்ல பையைத் திறக்கச் சொன்னாங்க. எனக்குக் குலை நடுங்குது, உள்ளே மூணடித் துப்பாக்கி. அதை ஒரு ஓரமா நகர்த்தி வச்சுட்டு, அடியில இருந்த பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டாங்க. நீலகிரி தெரிஞ்சவங்களுக்கு விளக்கம் வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 4
"அப்போ எந்தத் தப்பையுமே தப்புன்னு சொல்ல மாட்டீங்களா?" சொல்லுவேன்.

மூணாவது படம் (1983): லூக்கோட புது வாள் முதல்ல நீலமாத்தான் இருந்துச்சு, முன்னோட்டத்துலயும் போஸ்டர்லயும் நீலம். பாலைவன ஆகாசம் நீலம், வாள் எடுபடலை, பச்சையாக்கினாங்க. அது முடிவு. கண்ணால பார்த்து எடுத்த முடிவு. பிறகு 2004 டி.வி.டி.யில முதல் படத்தை வண்ணம் திருத்தினாங்க. விண்கப்பலுக்குள்ள லூக் கண்ணை மூடிப் பயிற்சி எடுக்கிற காட்சி, அங்கே நீல வாள் பச்சையாத் தெரியுது. 27 வருஷம் சரியா இருந்ததைக் கெடுத்தாங்க. பிறகுதான் சரி பண்ணாங்க. இது அலட்சியம். யாரும் குப்பைப் பெட்டியைக் கிளறலை, கைக்கு எதுவும் கிடைக்காமப் போகலை, எல்லாம் இருந்தும் பார்க்கலை. ஜூன் 9-ம் தேதி ராத்திரி நான் திட்டினது இவங்களுக்குச் சேர வேண்டியது.

என் பளபளக் கருப்பும் இந்தக் கணக்குலதான் வரும். குங்குமம் வராது.

2024 ஆகஸ்ட் 18
சத்தம். துப்பாக்கியில பாதி சத்தம்தான், அதை விட்டுட்டோம்.

ஸ்டார் வார்ஸுக்குச் சத்தம் செஞ்ச பென் பர்ட் ஒரு ரேடியோ டவரோட இழுவைக் கம்பியைச் சுத்தியால தட்டிப் பதிவு பண்ணதுதான் அந்த "பியூ". படிச்சதும் மொட்டை மாடிக்கு ஓடினேன். தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனாக் கம்பம் இன்னும் நிக்குது, மூணு ஸ்டே கம்பியோட. ஸ்பேனரால தட்டினா வெறும் டங். தம்பியைக் கீழ் நுனியில தட்டச் சொல்லி நான் மேல் நுனியில காதை வச்சேன். வந்துச்சு! சின்னதா, ஆனா அதேதான். விறைப்பான கம்பியில கீச்சுச் சத்தம் முன்னாடி ஓடி வரும், கனத்த சத்தம் பின்தங்கும். அதனாலதான் மேல இருந்து கீழே சறுக்குது. கம்பி நீளமா இருந்தா சறுக்கலும் நீளும், என்னது ஆறடி லேசர்தான். (கரண்ட் கம்பத்து ஸ்டே கம்பியில யாரும் இதைப் பண்ணாதீங்க. நிஜமாவே சொல்றேன்.)

ஒளிவாள் முனகல் அதே ஆள் செஞ்சது: பழைய புரொஜக்டர் மோட்டார் இரைச்சலும் டி.வி. பிக்சர் டியூப் பக்கத்துல மைக் போனா வர்ற கொர்ருமாச் சேர்ந்தது. அந்தக் கொர்ரை இருபது வருஷம் ரிப்பேர்னு நினைச்சுச் சரி பண்ணிக்கிட்டிருந்தவன் நான்.

2024 செப்டம்பர் 8
பிளேட் ரன்னர் (1982) துப்பாக்கியை ஒருத்தர் இழுத்திருக்கார். தொடர் படம் வர 35 வருஷம் ஆச்சு, அதனால அதைத் தனியாப் பார்க்கணும். ஸ்டெயர் வேட்டைத் துப்பாக்கியோட நடுப்பாகத்தையும் ஒரு ரிவால்வரையும் சேர்த்துக் கட்டினது, ரெண்டு விசை, சின்னச் சின்ன விளக்கு. அசல் எங்கேன்னே தெரியாம, ரசிகர்கள் பிரேம் பிரேமா நிறுத்திப் பார்த்து நகல் செஞ்சாங்க. 2006-ல அமெரிக்க மாநாடு ஒண்ணுல அசலே வந்து நின்னுச்சு. எல்லாரும் தங்களோடதை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்திருப்பாங்க, நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தப்போ இருந்த முகத்தோட.

குன்னூர் லோகோ ஷெட்ல மலை ரயிலோட ஏணிச்சக்கர இஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கும்போது பார்த்திருக்கீங்களா? பாதிச் சாமான் மாத்தியாச்சு, சில இஞ்சினைப் பொன்மலை ரயில்வே பட்டறையில புதுசாவே செஞ்சு அனுப்பினாங்க. டூரிஸ்ட் எல்லாத்தையும் "அந்தக் காலத்து இஞ்சின்"னுதான் செல்ஃபி எடுக்கிறாங்க. டிரைவர்தான் ஒவ்வொண்ணுக்கும் வேற குணம்னு சொல்லுவார்.

2024 அக்டோபர் 1
ரெண்டாவது படம் எடுக்கிறோம். அதே காவல்காரன், அதே துப்பாக்கி. அக்கா பையன் கண்டிப்பாச் சொல்லிட்டான்: லைட் இருக்கணும். சிவப்பு எல்.இ.டி. வச்சுடலாம்னு பார்த்தேன், கடையில டப்பா நிறைய இருக்கு. வச்சும் பார்த்தேன். பொம்மை மாதிரி ஆயிடுச்சு. கழட்டிட்டேன். எம்-சீலைச் சுரண்டிப் புதுசா வச்சு, பெயின்ட் அடிக்காம விட்டிருக்கேன். பூஜை 11-ம் தேதி, ஷூட்டிங் 13.

2024 அக்டோபர் 12
நேத்து பூஜை. துப்பாக்கியை நானே நடுவுல வச்சேன். அம்மாகிட்ட போன்ல பழைய படத்தை நிறுத்திக் காட்டி, "இதே இடம், இதே சைஸ், மாறக் கூடாது"ன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு விரலால பெரிசாக்கிப் பார்த்தாங்க.

"இது நான் வச்சது இல்லை."
"நீங்கதாம்மா வச்சீங்க, ரெண்டு வருஷம் முன்னாடி."
"நான் மோதிர விரல்ல சின்னதா வைப்பேன். இது அப்பிக் கிடக்கு. நீ துடைச்சுத் துடைச்சு இப்படி ஆக்கியிருக்கே."

சொல்லிட்டு மோதிர விரலால சந்தனத்தைத் தொட்டு, மேல குங்குமம் வச்சாங்க. மிளகு சைஸ், நல்ல வட்டம், பழைய இடத்துல இருந்து அரை இஞ்ச் தள்ளி. இன்னும் கொஞ்சம் பெரிசான்னு கேட்டேன். கற்பூரத்தை ஏத்திட்டாங்க.

நாளைக்கு இதோடதான் ஷூட்டிங். கோத்தகிரிக்காரர் பார்த்துட்டு, நடுவுல யார் மாத்தினதுன்னு கேக்கட்டும்.